பெரியப்பாவின் பெட்டியில் விலங்கு, வளையம், பாசிமணி, சோழி: இதில் எது அசல்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கானாவில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய பெரியப்பா உங்களிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார். உள்ளே ஓர் இரும்புக் கால்விலங்கு, குதிரை லாடம் மாதிரி வளைந்த நாலு பித்தளை வளையங்கள், ஒரு சரம் வண்ணக் கண்ணாடிப் பாசிமணி, துணிப்பை நிறையச் சோழி. எல்லாமே ஆப்பிரிக்க அடிமை வணிகக் காலத்துச் சாமான் என்று அக்ராவில் விற்றவர் சொன்னாராம். அசலா, விலை போகுமா, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்கிறீர்கள்.

நான் பழைய பணம் சேர்க்கிறவன். நாணயம் மட்டும் இல்லை, நாணயம் வருவதற்கு முன்னால் பணமாகப் புழங்கியதெல்லாம் சேர்ப்பேன். படம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் பந்தயம் கட்டச் சொன்னால் இப்படிக் கட்டுவேன்: விலங்கு போலி, இல்லாவிட்டால் வேறு எதற்கோ செய்த இரும்பு. பாசிமணி நிஜமாகவே பழசு, ஆனால் அவர் சொன்ன அளவுக்குப் பழசில்லை. வளையம் அசலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெட்டியைத் திறந்ததும் யாருமே ஏறிட்டுப் பார்த்திருக்காத அந்தச் சோழிப்பைதான் அடிமை வணிகத்துக்கு ரொம்ப நெருக்கமான பொருளாக இருக்கலாம், அதுவும் நம் பக்கத்துக் கடலிலிருந்து போனதாக.

விலங்கிலிருந்து தொடங்குகிறேன். வாங்க வருபவர் கண் முதலில் எதில் போகும் என்று வியாபாரிக்குத் தெரியும், போலி செய்பவனுக்கும் தெரியும். அசல் கப்பல் விலங்கு எப்படி இருக்கும் என்பதற்குச் சந்தேகமே இல்லாத சாட்சி ஒன்று இருக்கிறது. ஹென்றியேட்டா மேரி என்ற ஆங்கிலக் கப்பல் 1700இல் ஜமைக்காவில் ஆட்களை இறக்கி விற்றுவிட்டு லண்டன் திரும்பும் வழியில் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் தீவுக்கு மேற்கே மூழ்கிப்போனது. 1972இல் ஸ்பானியப் புதையல் கப்பலைத் தேடிப் போனவர்கள் தற்செயலாக இதைக் கண்டார்கள், ஆனால் பொன்னும் வெள்ளியும் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். 1983இல் மறுபடி இறங்கியபோது கப்பலின் வெண்கல மணி கிடைத்தது, அதில் கப்பலின் பெயரும் 1699 என்ற வருஷமும் பொறித்திருந்தது. அங்கிருந்து வந்தவை 80 ஜோடிக்கும் மேற்பட்ட விலங்குகள். ஒரு நேரான இரும்புக் கம்பி, அதில் கோத்த இரண்டு லாட வடிவ வளையங்கள், கம்பியின் ஒரு முனையில் குமிழ், மறு முனையில் ஆப்பு அடிக்க ஒரு துளை, அவ்வளவுதான். ஒருவரின் காலையும் பக்கத்தில் இருப்பவரின் காலையும் சேர்த்துப் பூட்டும் ஏற்பாடு. சில வளையங்கள் வளர்ந்த ஆளின் காலுக்குப் போதாத அளவுக்குச் சின்னவை. எதிலும் எழுத்து கிடையாது, அலங்காரம் கிடையாது. கொல்லன் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிய மலிவுச் சரக்கு அது. 1787இல் தாமஸ் கிளார்க்சன் லிவர்பூலில் ஒரு கடைக்குள் போய்க் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரல் நசுக்கும் திருகு, பட்டினி கிடப்பவர்களின் வாயை நெம்பித் திறக்கும் கருவி எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார், அடிமை வணிகத்தை ஒழிக்கும் பிரசாரத்தில் காட்டுவதற்காக. அந்த ஊரில் அது சாதாரணக் கடைச்சாமான்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் விலங்கைப் பாருங்கள். தோட்டத்தின் பெயரோ, முதலாளி பெயரோ, 'அடிமை' என்ற சொல்லோ, வருஷமோ பொறித்திருந்தால் அதோடு விஷயம் முடிந்தது, போலி. ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடுகிறதா? அது அச்சில் ஊற்றி வார்த்ததன் தடயம். அந்தக் கால விலங்கு உலையில் காய்ச்சிச் சுத்தியால் அடித்தது, துருப்பிடித்த இடத்தில் மரத்தின் நார் மாதிரி வரிவரியாகத் தெரியும், வார்ப்பிரும்பு அப்படித் தெரியாது, சொரசொரவென்று மணல்மணலாக இருக்கும். கடலிலிருந்து எடுத்தது என்று விற்றவர் சொல்லியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். முந்நூறு வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த இரும்பை வெளியே எடுத்து அப்படியே விட்டால் கொஞ்ச காலத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும், அதை மாதக்கணக்கில் ரசாயனத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி உப்பை இறக்கித்தான் காப்பாற்ற வேண்டும். சந்தையில் கூடையில் குவித்து வைத்து விற்க வராது. வெளிநாட்டுச் சந்தையில் விற்கும் 'அடிமை விலங்கு' போலிகளில் கணிசமானவை நம் இந்தியாவில் வார்த்து ஏற்றுமதியானவை. உங்கள் பெரியப்பா அக்ராவில் வாங்கி ஊருக்குத் தூக்கி வந்தது இங்கிருந்தே போனதாகவும் இருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அச்சுக்கோடு இல்லை, அடித்த இரும்புதான் என்றாலும் அடிமை வணிகம் என்று உறுதியாகிவிடாது. சிறைச்சாலைகளில் போட்டது, கப்பலில் மாலுமிகளுக்கே தண்டனையாகப் போட்டது, கால்நடையின் காலில் பூட்டியது என்று விலங்குகளில் பல ஜாதி. இரும்பை மட்டும் பார்த்து இது யார் காலில் கிடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

போலி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இன்னொன்று. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் அடிமைகளை அடுத்தவரிடம் கூலிக்கு அனுப்பும் முதலாளிகள் நகராட்சியில் கட்டணம் கட்டி ஒரு செம்பு வில்லை வாங்க வேண்டும், அதில் வருஷம், எண், வேலையின் பெயர் இருக்கும்: வேலைக்காரர், சுமைகூலி, கைவினைஞர், மீனவர், பழம் விற்பவர். 1800இலிருந்து உள்நாட்டுப் போர் முடியும்வரை இது நடந்தது. நமக்குக் கிடைத்திருக்கும் அசல் வில்லைகள் அந்த ஒரே ஊருடையவை. சந்தையிலோ வேறு வேறு ஊர்ப் பெயர் போட்ட வில்லைகள் தாராளமாகக் கிடைக்கும்!

பாசிமணிக்கு வருவோம். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு வியாபாரியிடம் 'அடிமை மணி' என்ற பெயரில் ஒரு சரம் வாங்கி இரண்டு வருஷம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பெயரே விற்பனைக்காக வைத்த பெயர் என்று. கண்ணாடி மணி கொடுத்து ஆட்களை வாங்கியது உண்மைதான், ஹென்றியேட்டா மேரியின் இடிபாட்டிலும் விலைபோகாமல் மிஞ்சிய மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஆனால் இன்று மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் பழசு என்று கிடைக்கும் பூப்போட்ட வெனிஸ் மணிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்து இறங்கியவை. பிரிட்டன் தன் அடிமை வணிகத்தை 1807இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது, அட்லாண்டிக் முழுவதும் அது ஓய 1860கள் ஆயிற்று. ஆக, உங்கள் சரத்தைப் பெரும்பாலும் பனை எண்ணெய்க்கோ யானைத் தந்தத்துக்கோ கொடுத்திருப்பார்கள். வெனிஸில் முரானோ தீவில் செய்த, நட்சத்திரம் மாதிரி அடுக்கடுக்காக நீலம் வெள்ளை சிவப்பு தெரியும் மணி இருந்தால் மட்டும் தனியே எடுத்து வையுங்கள், அந்த வகை 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. அதற்கும் இந்தியாவிலும் சீனாவிலும் செய்த புது நகல்கள் உண்டு. துளையின் ஓரம் கயிறு உராய்ந்து மழமழவென்று தேய்ந்திருக்கிறதா, இரண்டு மணி ஒன்றோடொன்று மோதும் பக்கங்கள் தட்டையாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதில் அது இருக்காது.

பித்தளை வளையத்தின் பெயர் மனிலா. இரண்டு முனையும் யானைக் கால் மாதிரி விரிந்திருக்கும், கையில் போடும் காப்பு மாதிரி இருந்தாலும் இது பணம். போர்த்துக்கீசியர் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இதைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள், 1548இல் ஜெர்மனியின் ஃபுக்கர் வணிகக் குடும்பத்தோடு இதற்கென்றே போர்த்துக்கீசிய அரசு ஒப்பந்தம் போட்டது. 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் மூழ்கிய கப்பல்களிலிருந்தும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் நிலத்திலிருந்தும் எடுத்த 67 மனிலாக்களின் உலோகத்தைச் சோதித்தார்கள். பழையவற்றின் பித்தளை ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியிலிருந்து வந்தது என்றும், இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் புகழ்பெற்ற பித்தளைச் சிற்பங்களில் இருப்பதும் அதே வகை உலோகம்தான் என்றும் தெரிந்தது. அதாவது ஆட்களுக்கு ஈடாக வந்த வளையத்தைத்தான் உருக்கி அந்த அரசர் முகங்களை வார்த்திருக்கிறார்கள். இந்த விவரம் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சிற்பங்களை முன்பு பார்த்த மாதிரிப் பார்க்க முடியவில்லை.

ஆனால் உங்கள் நாலு வளையமும் அவ்வளவு பழசாக இருக்க வாய்ப்புக் குறைவு. பின்னாளில் பிரிஸ்டலிலும் பர்மிங்காமிலும் வார்த்த மெலிந்த வகைதான் சந்தையில் அதிகம், அவற்றில் நிறைய அடிமை வணிகம் ஒழிந்த பிறகு பனை எண்ணெய் வாங்கப் போனவை. நைஜீரியாவின் கிழக்குப் பகுதியில் 20ஆம் நூற்றாண்டிலும் மனிலா சந்தையில் செல்லுபடியானது, கடைசியில் 1948-49இல் பிரிட்டிஷ் அரசு 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிலாக்களைத் திரும்ப வாங்கி உடைசல் உலோகமாக விற்றது. அவ்வளவு போயும் மிச்சம் ஏராளம், அதனால் சாதாரண வகைக்குப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள்.

சரி, சோழி. பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக முதுகைப் பாருங்கள். முதுகில் மஞ்சள் நிறத்தில் மோதிரம் வரைந்த மாதிரி ஒரு வட்டம் இருந்தால் அது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், சான்சிபார் பக்கம் எடுத்த வேறு இனம். 1840களில் ஜெர்மன் வணிகர்கள் அதை மேற்கு ஆப்பிரிக்காவில் மூட்டை மூட்டையாகக் கொட்டித்தான் சோழியின் மதிப்பே சரிந்தது. மோதிரம் இல்லாமல், சின்னதாக, ஓரம் கொஞ்சம் முண்டும் முடிச்சுமாக, வெண்மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் மாலத்தீவுச் சோழி. பையில் இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன், பிரித்து எண்ணினால் எந்தக் காலத்துப் பை என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மாலத்தீவில் தென்னை மட்டைகளை ஆழமில்லாத கடலில் போட்டு வைப்பார்கள், சோழி வந்து ஒட்டிக்கொள்ளும், எடுத்து மணலில் புதைத்துச் சதை அழுகிப் போன பிறகு கழுவி எடுப்பார்கள். அங்கிருந்து இலங்கைக்கு வரும், வங்காளத்துக்கும் போகும். இலங்கையைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் அங்கிருந்தும், ஆங்கிலேயர் வங்காளத்திலிருந்தும் ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். மிளகும் துணியும் ஏற்றிய கப்பலில் சோழி அடிப்பாரமாகவும் உதவும், இடுக்கிலெல்லாம் கொட்டி நிரப்பலாம், எலி தின்னாது, மட்காது. ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் விட்டு, அங்கே வாங்கியவர்கள் ஆப்பிரிக்காவின் பெனின் வளைகுடாவுக்கு, முக்கியமாக ஊய்தா துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். 18ஆம் நூற்றாண்டில் மட்டும் டச்சு, ஆங்கிலக் கப்பல்களில் இப்படிப் போனது சுமார் ஆயிரம் கோடிச் சோழி, எடையில் 11,000 டன்னுக்கு மேல். 1770களில் ஓர் இளைஞனின் விலை ஒன்றரை லட்சம் சோழியையும் தாண்டியிருந்தது. ஒரு சோழி ஒரு கிராமுக்குச் சற்று மேல், கணக்குப் போட்டால் 170 கிலோ வரும். விலை முழுவதையும் சோழியிலேயே கொடுத்தால் ஒரு மனிதனை வாங்க இரண்டு மூன்று மனித எடைக்குச் சோழி சுமந்து போக வேண்டும்.

அவ்வளவையும் எப்படி எண்ணுவது? முதுகை உடைத்துத் துளையிட்டு, நாற்பது நாற்பதாகச் சரம் கோத்து, சரத்தைத்தான் எண்ணினார்கள். உங்கள் பையில் முதுகு உடைந்து, உடைந்த ஓரமும் தேய்ந்திருக்கும் மாலத்தீவுச் சோழி இருந்தால் அது இப்படிக் கைமாறிய பணம். நம் வீட்டில் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் எடுத்து உருட்டும் அதே சோழிதான், அதனால்தான் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கானாவின் இன்றைய பணத்தின் பெயர் செடி, அது அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெரியப்பா அத்தனை வருஷம் சம்பளம் வாங்கியதே ஒரு வகையில் சோழிக் கணக்கில்தான்.

பெட்டியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், துணி. ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களுக்கு ஈடாக இறக்கிய சரக்கில் பாதிக்கு மேல் துணிதான், அதில் பெரும் பங்கு இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் நெய்த நீளத் துணியில் ஒரு ரகத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயரே 'கினித் துணி', ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போவது என்பதால். புதுச்சேரியில் அவுரி நீலம் தோய்த்த துணி செனகலில் பணமாகவே ஓடியது, அடிமை வணிகம் நின்ற பிறகும் அங்கே பிசின் வாங்க அதைத்தான் கொடுத்தார்கள். நெய்தவர்களுக்கு அது எங்கே போகிறது, எதற்கு ஈடாகப் போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஒன்றேகால் கோடிப் பேரைக் கப்பலேற்றிய வணிகத்தில் முதன்மையான சரக்கு அது, ஆனால் உடுத்திக் கிழிந்து போனதால் பழம்பொருள் கடையில் அதைப் பார்க்கவே முடியாது. நம் ஊர்க் கையிலிருந்து போனதற்கு இன்று சாட்சி கணக்குப் புத்தகங்கள்தான்.

அடிமை வணிகத்தை எதிர்த்தவர்களின் பொருளும் இன்று பழம்பொருள்தான். 1787இல் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற மண்பாண்ட முதலாளி வெளியிட்ட சின்ன வில்லை, சங்கிலியோடு மண்டியிட்ட ஆப்பிரிக்கர், சுற்றிலும் 'நான் ஒரு மனிதன் இல்லையா, ஒரு சகோதரன் இல்லையா' என்ற வாசகம். பெண்கள் அதைக் கொண்டை ஊசியிலும் கைவளையிலும் பதித்துப் போட்டுக்கொண்டார்கள், கொள்கைக்காகத் தொடங்கியது ஃபேஷன் ஆகிவிட்டது. அப்புறம் வந்த சர்க்கரைக் கிண்ணங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், சங்கடமும் வரும். மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையைப் புறக்கணித்தவர்கள் மேஜையில் வைத்த அந்தக் கிண்ணத்தில் 'அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை' என்று எழுதியிருக்கும். அதே காலத்தில் நம் கிராமங்களில் பண்ணையாள் முறை எப்படி இருந்தது என்று கிண்ணத்துக்காரர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, கம்பெனி அரசு இங்கே அடிமைமுறைக்குச் சட்டம் கொண்டுவந்ததே 1843இல்தான்.

பார்த்தவுடன் பதற வைக்காத பொருளை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்பதற்கு ஒரு கப்பலைச் சொல்கிறேன். சாவோ ஜோசே என்ற போர்த்துக்கீசியக் கப்பல் 1794 டிசம்பரில் மொசாம்பிக்கிலிருந்து 512 பேரை ஏற்றிக்கொண்டு பிரேசிலுக்குப் போகும் வழியில் கேப் டவுன் கரையருகே பாறையில் மோதி உடைந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள், பிழைத்தவர்களைச் சில நாளிலேயே அங்கேயே விற்றுவிட்டார்கள். 1980களில் இந்த இடிபாட்டைப் பார்த்தவர்கள் ஏதோ டச்சுக் கப்பல் என்று நினைத்தார்கள். பல வருஷம் கழித்துத்தான், கப்பல் தலைவனின் வாக்குமூலம் ஆவணக் காப்பகத்தில் கிடைத்து, இது அடிமைக் கப்பல் என்று உறுதியானது. அதற்குப் பெரிய துப்பாக இருந்தது இரும்புப் பாளங்கள். மூட்டைச் சரக்கு அசையாது, எடையும் கனம். மனிதர்கள் கனம் குறைவு, அசைவார்கள், வழியில் சாவார்கள், எடை குறையும். அதனால் கப்பலை நிமிர்த்தி வைக்க அடியில் இரும்பு போட வேண்டும். லிஸ்பனிலிருந்து கிளம்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளம் ஏற்றியதாகக் கணக்கில் இருக்கிறது. அதில் சிலவற்றை வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் இரவல் வாங்கிக் காட்சிக்கு வைத்தது. பார்த்தால் வெறும் துருப்பிடித்த கட்டி, எந்தச் சந்தையிலும் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

இனி விற்பதும் வைப்பதும். பெரிய ஏலத் தளங்கள் சில அடிமைமுறை தொடர்பான பொருளை, அசலோ நகலோ, ஏற்பதே இல்லை. நூறு வருஷம் தாண்டிய பழம்பொருள் என்று ஆகிவிட்டால் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப உங்களால் முடியாது. கானாவிலும் பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துவர அங்குள்ள அருங்காட்சியக வாரியத்தின் அனுமதி வேண்டும், பெரியப்பாவிடம் அந்தக் காகிதம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். விலங்கை விற்காதீர்கள் என்பது என் கருத்து. போலியாக இருந்தால் அடுத்தவரை ஏமாற்றுவது, அசலாக இருந்தால் அது ஷோகேஸில் வைக்கும் சாமான் இல்லை, ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்பதுதான் முறை. மனிலாவையும் பாசிமணியையும் வைத்துக்கொள்ளலாம், சேர்ப்பவரிடம் கொடுத்தாலும் 'அடிமை வணிகப் பொருள்' என்று சொல்லாமல் 'மேற்கு ஆப்பிரிக்கப் பழைய பணம்' என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டில் வைத்தால் ஆகாது என்று அம்மா சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். அதில் நான் தலையிட மாட்டேன்.

பாலிஷ் மட்டும் போடாதீர்கள். புளி, எலுமிச்சை, பித்தளைப் பொடி எதுவும் வேண்டாம், அந்தக் கறுப்பில்தான் வயசு இருக்கிறது. விற்றவர் ஏதாவது கப்பல் பெயர் சொல்லியிருந்தால் ஸ்லேவ் வாயேஜஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள், 36,000 பயணங்களுக்கு மேல் அதில் பதிவாகியிருக்கின்றன, கப்பல் பெயர் போட்டாலே தேடித் தரும். பெரியப்பா தெம்பாக இருக்கும்போதே ஒரு சாயங்காலம் உட்கார வைத்து, எந்தச் சந்தை, எந்த வருஷம், என்ன விலை, ஒவ்வொன்றும் ஒரே ஆளிடம் வாங்கியதா என்று கேட்டு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். அப்புறம் மோதிரம் உள்ள சோழி எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ணி எனக்குச் சொல்லுங்கள்.